கண்ணாடிச் சப்பாத்துக்கு உள்ளே

கண்ணாடிச் சப்பாத்தை எப்படிப் பாத்துக்கணும்னு என்கிட்டக் கேளுங்க, சொல்றேன். பாலிஷ் போடக் கூடாது. பிரஷ் படவே கூடாது. பழைய பனியன் துணியை லேசா நனைச்சு, சோறு தின்ன பிள்ளையோட வாயைத் துடைக்கிற மாதிரி ஒரு துடை, அவ்வளவுதான். பளபளன்னு மின்னும். குனிஞ்சா நம்ம மூக்கே அதுல தெரியும். அப்படி ஒரு சோடியை நான் வருசக்கணக்கா பொத்திப் பொத்திப் பாத்துக்கிட்டேன். சப்பாத்து இன்னைக்கும் புதுசு மாதிரித்தான் இருக்கு. என் இடது கால்தான் இல்ல.

இப்ப அதே சோடியைப் போட்டுக்கிட்டு என் மகன் வேலைக்குப் போறான். அவன் ரெண்டு காலும் முழுசா வீடு வந்து சேரணும். எனக்கு இப்ப அது ஒண்ணுதான். சாயந்தரம் ஆச்சுன்னா எங்க லயத்து வரிசை வீட்டு வாசல்ல கக்கத்துல கட்டையை ஊனிக்கிட்டு நின்னுருவேன். தேயிலைக்குள்ள இருக்கிற குறுக்குப் பாதையில அவன் எறங்கி வர்றது தெரியிற வரைக்கும் ஒரு வாய்த் தேத்தண்ணி உள்ள எறங்காது. அக்கம்பக்கத்துல சிரிக்கிறாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்.

எங்க தோட்டம் டிக்கோயாவுக்கு மேல. உச்சியில ஒரு பழைய தொரை பங்களா இருக்கு. வெள்ளைக்காரத் தொரைமார் போனாங்க, நம்ம நாட்டுத் தொரைமார் வந்தாங்க, அவங்களும் கீழ புது வீட்டுக்குப் போயிட்டாங்க. கம்பெனி பங்களாவை ஹோட்டலாக்கிருச்சு. இப்ப வெள்ளைக்காரங்க திரும்பி வந்து, அதே கட்டில்ல படுத்து எந்திரிக்கக் காசு குடுக்குறாங்க. என்ன கூத்து பாருங்க.

நான் முதல்ல மலையில மருந்தடிச்சேன். முதுகுல டாங்கி, காலுல ரப்பர் பூட்ஸ். அப்புறம் பங்களாவுல புல்லு வெட்டப் போட்டாங்க. அங்க ஒரு நாள் ஹோட்டல் மேனேஜர், கொழும்புல இருந்து வந்த சிங்களவரு, என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "பல்லைக் காட்டு"ன்னாரு. காட்டினேன். சந்தையில மாட்டைப் பாக்குற மாதிரி பாத்தாரு. ஆனா சும்மா சொல்லக் கூடாது, கெட்ட மனுசன் இல்ல. எனக்குச் சிங்களம் நல்லா வரும், உடைஞ்ச இங்கிலீசும் வரும், ஆளும் உயரம். சாப்பாட்டு அறையில பரிமாறுற வேலையில போட்டுட்டாரு.

வெள்ளைக் கோட்டு, கறுப்புக் காற்சட்டை, கழுத்துக்குப் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு டை, எல்லாம் குடுத்தாங்க. கடைசியில ஒரு பெட்டியைத் திறந்து அந்தச் சப்பாத்தை எடுத்து வச்சாரு. பேட்டன்ட் லெதர்னு அதுக்குப் பேராம். பழைய காலத்துத் தொரை விருந்துல பட்லர்மார் போட்டது இதுதானாம், வர்ற விருந்தாளிக்கு அந்தக் கால நினைப்பு வரணுமாம். நாங்க பரிமாறுறவங்க எல்லாரும் அதைக் கண்ணாடிச் சப்பாத்துன்னுதான் சொல்லுவோம்.

"இது தோலா, ரப்பரா சேர்?"ன்னு கேட்டேன்.

"தோல்தான். மேல ஒரு பூச்சு. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாது"ன்னாரு, ஏதோ தானே செஞ்ச மாதிரி.

எனக்குச் சந்தோசம் தாங்கல. தண்ணி உள்ள போகாதுன்னா உள்ள இருக்கிற வேர்வையும் வெளிய போகாதுன்னு அப்ப உறைக்கல. அந்தச் சப்பாத்து மூச்சு விடாது. மத்தத் தோல் கால் பட்டு பட்டு நெகிழும், இது எத்தனை வருசம் போட்டாலும் நம்ம காலுக்காக ஒரு நூல் அளவுக்கும் விட்டுக் குடுக்காது. நம்ம கால்தான் அதுக்கு விட்டுக் குடுக்கணும்.

முதல் நாள் வீட்டுக்குக் கொண்டு வந்து வச்சப்ப லயமே கூடிருச்சு. என் வீட்டுக்காரி கொழுந்து எடுத்துட்டு வந்த ஈரத்தோட, கூடையைக் கூட எறக்காம எட்டிப் பாத்தா. "என்னங்க இது, இதுல மூஞ்சி பாத்துப் பொட்டே வச்சுக்கலாம் போலருக்கே"ன்னு சிரிச்சா. அடுத்த வீட்டு அக்கா, "தொரை வர்றாரு, வழி விடுங்கடி"ன்னு ஒரு கும்பிடு போட்டாங்க. நானும் வெக்கமில்லாம தொரை மாதிரி ரெண்டு நடை நடந்து காட்டினேன். மருந்தடிச்ச காலு இது. செருப்பே பெரிசுன்னு இருந்த காலு. ஆசையா இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

ஹோட்டல்ல வேலைக்காரங்க உடுப்பு மாத்துற அறை ஒழுகும். அங்க எது வச்சாலும் ரெண்டே நாள்ல பூஞ்சணம் பிடிச்சிரும். அதனால சப்பாத்தை ஷொப்பிங் பேக்குல போட்டு தினமும் கையில கொண்டு போய்க் கொண்டு வருவேன். நடக்கிறது செருப்புல. மேல போனதும் குசினிக்குப் பின்னால இருக்கிற பைப்புல கால் கழுவி, காலுறை மாட்டி, சப்பாத்தைப் போட்டா வேலை முடியிற வரைக்கும் கழட்ட முடியாது. திரும்பி வரும்போது குளிருக்குக் காலுறையைக் கழட்டாம அதோடயே செருப்பை மாட்டிக்குவேன்.

பாத்துக்கிற விதத்தை அடிபட்டுத்தான் படிச்சேன். முதல்ல பேப்பர்ல சுத்தி வச்சேன். மறுநாள் பாத்தா சப்பாத்து மூக்குல யாரோ ஒரு மந்திரியோட பாதி மூஞ்சி ஒட்டிக்கிட்டுச் சிரிக்குது! அச்சு மை அந்தப் பூச்சுல போய் உக்காந்துரும், லேசுல விடாது. தேங்காயெண்ணெய் தொட்டுத் தேச்சுத் தேச்சு அந்த ஆளை எறக்குறதுக்குள்ள என் உயிர் போச்சு. அப்புறம் ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வச்சேன், வெயில் கண்ட அன்னைக்குப் பசை மாதிரி பிடிச்சுக்கிருச்சு. நடுவுல துணி வச்சுப் பிரிச்சு வைக்கணும்.

அடுப்புக் கதைதான் பெரிய கதை. எங்க வீட்டுல குளிருக்கும் ஈரத்துக்கும் பயந்து எதைக் காப்பாத்தணும்னாலும் அடுப்புக்கு மேல பலகையிலதான் வைப்போம். உப்பு, நெருப்புப்பெட்டி, விறகு, பிள்ளையோட பள்ளிக்கூடச் சட்டை, எல்லாம் அங்கதான். என் வீட்டுக்காரி நல்ல மனசோட சப்பாத்தையும் தூக்கி அங்க வச்சுட்டா. சூட்டுல பக்கவாட்டுல மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. நான் போட்ட சத்தத்துல பக்கத்து லயத்து நாய் கொலைச்சுச்சு. "ஒரு சப்பாத்துக்காகவா என்னைய இந்தப் பேச்சு பேசுறீங்க"ன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா. அந்த வெடிப்பை மறைக்க கறுப்பு நகப்பூச்சு தேடி ஹட்டன் பஸார் முழுக்க அலைஞ்சேன். கடைசியில வெளிய தெரியாத அளவுக்குச் சரி பண்ணிட்டேன். அன்னைக்கு அப்படியே விட்டிருந்தா அது வெடிச்சு நாசமாப் போயிருக்கும். அய்யோ, போயிருக்கலாமே!

அப்புறம் எனக்குச் சீனி வருத்தம், அதான் சர்க்கரை வியாதி, வந்துச்சு. இந்தப் பக்கத்துல யாருக்குத்தான் இல்ல. கிளினிக்குல மாத்திரை குடுத்தாங்க, முழுங்கினேன். அந்த நாள்லதான் கால் நோவு நின்னு போச்சு. அதுக்கு முன்னால வேலை விட்டு வந்தா சின்ன விரல் பக்கம் நெருப்பு வச்ச மாதிரி எரியும். அது நின்னதும், "பாத்தியா, சப்பாத்து காலுக்குப் பழகிருச்சு"ன்னு வீட்டுக்காரிகிட்டப் பெருமை பேசினேன். சப்பாத்து பழகல. சீனியில என் கால் மரத்துப் போச்சு.

மழைக்காலத்துல ஒரு சாயந்தரம் காலுறையைக் கழட்டினா, சின்ன விரல்கிட்ட ரத்தம். என் வீட்டுக்காரி பாத்துட்டு, "அட்டை"ன்னா. நானும், "ஆமா, அட்டைதான்"னேன்.

வேற என்ன சொல்லுவோம் சொல்லுங்க? நோவு தெரியாம ரத்தம் வந்தா அது அட்டை. எங்க மலையில பொறந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். மழை பெஞ்சா தேயிலைத் தூருல, புல்லு நுனியில எல்லாம் அட்டைதான். கடிக்கிறது தெரியாது. ரத்தம் குடிச்சு உருண்டு விழுந்த பிறகுதான் நமக்கே தெரியும். கொழுந்தெடுக்கிற பொம்பளைங்க காலுல சவுக்காரம் பூசிக்கிட்டுப் போனாலும் சாயந்தரம் வரும்போது காலெல்லாம் ரத்தமாத்தான் வருவாங்க. யாரும் அதைப் பெரிசு பண்றதில்ல. வெத்தலைக்கு வச்சிருக்கிற சுண்ணாம்பை ஒரு தொடு தொட்டு வைப்போம், நின்னுரும். என் விரல்லயும் சுண்ணாம்பு வச்சா. எரியவே இல்ல. "பாருங்க, எரியக்கூட இல்ல, சின்னக் கடிதான்"ன்னா.

மறுநாளும் அட்டை. அடுத்த நாளும் அட்டை. மழை விட்டு, பனி எறங்கி, புல்லெல்லாம் காஞ்சு போச்சு, காட்டுல ஒரு அட்டை கிடையாது. என் காலுறையில மட்டும் அட்டை. தோட்டத்து டிஸ்பென்சரியில மருந்து குடுக்கிறவரு, "என்ன வருத்தம்"னு கேட்டாரு. "அட்டை கடிச்சது ஆறலைங்க"ன்னேன். அவரும் இதே மலையில பொறந்தவருதானே, பழுத்திருச்சுன்னு மாத்திரை குடுத்தாரு. காலைத் தூக்கிக் காட்டுன்னு அவரு சொல்லல, நானும் காட்டல.

சப்பாத்து மட்டும் மின்னிச்சு. அதுதான் எனக்கு இன்னைக்கும் ஆறாத வயித்தெரிச்சல். வேற சப்பாத்துன்னா உள்ள ஈரம் ஊறினா மேல கறை தெரியும், தோல் உப்பும், நிறம் மாறும், ஏதாவது ஒண்ணு சொல்லும். இது ஒண்ணும் சொல்லாது. உள்ள என்ன அழுகினாலும் மேல துடைச்சு விட்ட மாதிரி சிரிச்சுக்கிட்டே இருக்கும்.

ஒரு மத்தியானம் சாப்பாட்டு அறை நிறைய ஆளுங்க. ஒரு வெள்ளைக்கார அம்மா மூக்கைச் சுளிச்சுக்கிட்டு சூப்பவைசரைக் கூப்பிட்டாங்க. எங்கேயோ செத்த எலி நாத்தம் அடிக்குதாம். சூப்பவைசர் சிரிச்ச மூஞ்சியோட வந்து என் காதுல, "அலமாரிக்கு அடியில பாரு, பரணையும் பாக்கச் சொல்லு, சீக்கிரம்"னாரு. நானும் தேடினேன். கண்ணாடி அலமாரிக்கு அடியில முட்டி போட்டுக் குனிஞ்சு எலியைத் தேடினேன். நான் அலமாரிக்கிட்டப் போனா நாத்தம் அங்க அடிக்குது, ஜன்னல்கிட்டப் போனா அங்கயும் அடிக்குது. போற எடமெல்லாம் கூடவே வருதேன்னு நினைச்சப்பதான் தலையில இடி விழுந்துச்சு.

பின்னால போய்ச் சப்பாத்தைக் கழட்டினேன். காலுறை விரலோட ஒட்டிக்கிட்டு வரல. இழுத்தப்ப அதோட என்னென்னமோ வந்துச்சு. அப்பவும் நோகல. குசினியில சட்டி கழுவுறவன் என் காலைப் பாத்துட்டு வெளிய ஓடி வாந்தி எடுத்தான்.

ஆஸ்பத்திரியில முதல்ல விரலை எடுத்தாங்க. அப்புறம் பாதி பாதம். அப்புறம் முழங்காலுக்குக் கீழ. கவ்வாத்து வெட்டுற மாதிரி மேல மேல வந்தாங்க. தேயிலையைக் கவ்வாத்து வெட்டினா தளிராவது விடும். அவங்க மேல குத்தம் சொல்ல மாட்டேன், நான் போன நேரம் அப்படி.

அங்க ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, சிங்களப் பிள்ளை. எந்தச் சப்பாத்து போட்டீங்கன்னு கேட்டுச்சு. என் வீட்டுக்காரி பையில இருந்து எடுத்துக் குடுத்தா. ஹோட்டல் சொத்தாச்சே, வீட்டுல விட்டுட்டு வரப் பயந்து ஆஸ்பத்திரிக்கும் தூக்கிட்டு வந்திருக்கா. டாக்டரம்மா மேல பாக்கவே இல்ல. கையுறை போட்ட கையை உள்ள விட்டுத் தடவிச்சு. அப்புறம் என்னைப் பாத்து, "கையை விட்டுப் பாருங்க"ன்னு சிங்களத்துல சொல்லிச்சு. விட்டேன். சின்ன விரல் படுற எடத்துல உள் தையல் தடிச்சு, காஞ்சு, கருவாட்டு முள்ளு மாதிரி நிக்குது. அத்தனை வருசம் துடைச்சிருக்கேன், எண்ணெய் தொட்டிருக்கேன், நகப்பூச்சு பூசியிருக்கேன். உள்ள கையை விட்டுப் பாருன்னு இந்த உலகத்துல ஒருத்தரும் எனக்குச் சொல்லல.

"மகனுக்கும் சீனி இருக்கான்னு ரத்தம் பாருங்க. இது குடும்பத்துல வர்றது"ன்னு டாக்டரம்மா சொல்லி அனுப்பிச்சு. மகன், "பாக்கலாம்ப்பா"ன்னான். இன்னும் பாத்துக்கிட்டே இருக்கான்.

நான் வீட்டுக்கு வந்த பிறகு ஹோட்டல் மேனேஜர் வந்தாரு. பழம், பால்மாப் பெட்டி எல்லாம் கொண்டு வந்தாரு. லயத்து அறைக்குள்ள குனிஞ்சு நுழைஞ்சு, என் கட்டில்ல ஒரு ஓரமா உக்காந்தாரு. "கவலைப்படாதே, உன் எடத்துக்கு உன் மகனைப் போடுறேன்"னாரு. எங்க தோட்டத்துல அது பழக்கம். அப்பன் விழுந்தா பிள்ளை பேரைப் பதியிறது, ஆத்தா விழுந்தா மகள் பேரைப் பதியிறது. ஹோட்டல்லயும் அதே பழக்கம் வந்துருச்சு. என் வீட்டுக்காரி கையெடுத்துக் கும்பிட்டா. வாசல்ல நின்னவங்க எல்லாம், "குடுத்து வச்சவங்க"ன்னாங்க. கொட்டகலையில ஏ.எல். பரீட்சை எழுதிட்டு முடிவுக்குக் காத்துக்கிட்டு இருந்த பிள்ளை, "கொஞ்ச நாளைக்குத்தானேப்பா"ன்னான். நானும் மருந்தடிக்கப் போனப்ப அப்படித்தான் சொன்னேன்.

மேனேஜர் எந்திரிக்கும்போது மூலையில இருந்த சப்பாத்தைப் பாத்துட்டாரு. ஒண்ணை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "எவ்வளவு அழகா வச்சிருக்கே! மத்தவங்களது எல்லாம் உரிஞ்சு போச்சு. மகனுக்கும் உன் அளவுதானே? இதையே போடட்டும்"னாரு.

"சேர், உள்ள தையல் தடிச்சிருக்கு. அதுதான் என் காலைத் தின்னுச்சு. கையை விட்டுப் பாருங்க சேர்"ன்னேன். அவரு மேல பாத்தாரு, அடியில பாத்தாரு. "ஒண்ணும் இல்லையே, நல்லாத்தானே இருக்கு"ன்னாரு. கையை மட்டும் உள்ள விடல. அழுகின கால் இருந்த எடத்துல யாருதான் கை வைப்பாங்க? அவரு விரல் நுழையாத எடத்துல என் பிள்ளை கால் நுழையலாமாம். புதுசு கேட்டேன். கொழும்புல இருந்து வரணும், அடுத்த சீசன்ல பாக்கலாம்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அந்த அடுத்த சீசன் வந்துட்டும் போயிருச்சு.

நான் அதைப் பாத்துக்காம விட்டிருந்தா, உரிஞ்சு, வெடிச்சு, குப்பைக்குப் போயிருக்கும். என் பிள்ளைக்குப் புதுசு குடுத்திருப்பாங்க. நான் பாத்துக்கிட்ட பவுசுக்குக் கிடைச்ச பரிசு இது.

அவன் முதன்முதலா வேலைக்குப் போற அன்னைக்குக் காலையில பிளேடை வச்சு அந்தத் தையலை அறுத்துப் பாத்தேன். உள் துணிதான் கிழிஞ்சுச்சு, தடிப்பு அப்படியே நிக்குது. பஞ்சு வச்சுப் பிளாஸ்டர் ஒட்டினேன், சாயந்தரம் வரும்போது சுருண்டு அதுவே ஒரு முடிச்சாயிருச்சு. வெறி பிடிச்சு ஒண்ணைத் தூக்கி அடுப்புல போடப் போனேன். என் வீட்டுக்காரி பாஞ்சு வந்து பிடுங்கிட்டா. சப்பாத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, "உங்க காலும் போச்சு, இந்த வேலையும் போகணுமா? என்னத்தைத் திங்கிறதுன்னு சொல்லிட்டு எரிங்க"ன்னு அழுதா. அவ கொழுந்தெடுத்து வர்றதுல ஒத்தக் காலுக்காரன் உக்காந்து தின்னுக்கிட்டு இருக்கேன்.

அதனால தினமும் சாயந்தரம் வாசல்ல நிக்கிறேன். அவன் வந்ததும், "காலைக் காட்டு"ம்பேன். "நான் என்ன கைக்குழந்தையாப்பா"ன்னு சலிச்சுக்கிட்டே காட்டுவான். சில நாள் சின்ன விரல்கிட்டச் சிவந்திருக்கும். விரலால அமுக்கினா, "ஸ்ஸ், நோகுதுப்பா"ம்பான். அந்த "ஸ்ஸ்"ஸைக் கேட்டாத்தான் எனக்கு உசிர் வரும். பெத்த பிள்ளைக்கு நோகுதுன்னு கேட்டு சந்தோசப்படுற அப்பன் இந்தத் தோட்டத்துலயே நான் ஒருத்தன்தான்.

போன வாரம் மழை பிடிச்சுச்சு. அவன் நனைஞ்சு வந்து, வாசப்படியில உக்காந்து செருப்பைக் கழட்டி, ஷொப்பிங் பேக்கை என்கிட்டக் குடுத்தான். காலுறையை உரிச்சான். சின்ன விரல்கிட்ட ரத்தம்.

நான் வாயைத் திறக்குறதுக்கு முன்னால அவனே சிரிச்சான். "பயப்படாதீங்கப்பா, அட்டைதான்."

நான் பையைப் பிரிச்சு சப்பாத்தை எடுத்து உள்ள கையை விட்டேன். விரல் நுனியில பிசுபிசுன்னு பட்டுச்சு. கவுத்துப் போட்டுத் தட்டினேன். மறுபடியும் தட்டினேன். ஒரு அட்டையும் விழல. என் வீட்டுக்காரி உள்ள இருந்து வந்து, அவன் காலைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டுக் கடிவாயைத் தேடினா. கடிவாய் இல்ல, தோல் உரிஞ்சு கிடந்துச்சு. அவ என்னைப் பாத்தா.

கட்டையைச் சுவத்துல சாச்சிட்டு அவன் பக்கத்துல உக்காந்து அந்த எடத்துல விரலை வச்சு அமுக்கினேன். அவன் போனைப் பாத்துக்கிட்டு இருந்தான். இன்னும் கொஞ்சம் அழுத்தி அமுக்கினேன்.

"நோகுதாடா?"

"இல்லப்பா. ஒண்ணுமே தெரியல."

"நோகுதுன்னு சொல்லுடா"ன்னு கத்தினேன். அக்கம்பக்கத்துல கதவு திறந்து எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. நான் அவன் காலைப் பிடிச்சுக்கிட்டு, "நோகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுடா தம்பி"ன்னு கத்திக்கிட்டே இருந்தேன்.